அலஸ்தோட்டத்தில் 12 பேர்ச் காணி இருக்கிறது, கையில் 15 லட்சம்: வீடு தொடங்கலாமா?

பாலையூற்று டீச்சர்:

எனக்கு 29 வயது, கணவருக்கு 32. மகன் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான். திருகோணமலை பாலையூற்றில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருக்கிறோம், வாடகை 22,000. அம்மா எனக்குச் சீதனமாக எழுதின 12 பேர்ச் காணி அலஸ்தோட்டத்தில் சும்மா கிடக்கிறது. நிலாவெளி வீதிக்கு உள்பக்கம், கடற்கரைப் பக்கம் இல்லை. உறுதி என் பெயரில். ஒரு கிணறு உண்டு, தண்ணீர் கொஞ்சம் சவர். இரண்டு முருங்கை, ஒரு வேம்பு, மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டு ஆடுகள்.

நான் அரச பாடசாலை ஆசிரியை. கழிவுகள் போகக் கைக்கு 58,000 வரும். அவர் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் குக். நிரந்தரச் சம்பளம் 45,000. அதற்கு மேல் சேவிஸ் சார்ஜ். அங்கேதான் சிக்கல். மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வந்து போகும் காலத்தில் அது மட்டுமே 80,000 வந்த மாதமும் உண்டு. மாரி தொடங்கினால் 8,000. போன டிசம்பரில் அதற்கும் கீழே.

போன கிழமை ஒரு மேசன் பாஸ் வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு காணியைக் காலடியால் அளந்தார். சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் கணக்குப் போட்டார். மூன்று அறை, ஹோல், குசினி, 900 சதுர அடி, அடிக்கு 8,500. மொத்தம் 76 லட்சத்து 50 ஆயிரம். அந்த மட்டையை என் கணவர் பேர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறார், காணி உறுதியைவிடக் கவனமாக.

வங்கியில் 11 லட்சம் இருக்கிறது. ஆவணியில் சீட்டுக்காசு 4 லட்சம் வரும். 40 லட்சம் கடன் எடுத்தால் 12 வீத வட்டியில் 15 வருடத்துக்கு மாதம் 48,000 வரை கட்ட வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். எல்லாம் கூட்டினாலும் 55 லட்சம்தான். மிச்சம் 21 லட்சத்துக்கு என் 10 பவுன் நகையைப் பார்க்கிறார்கள். மாமி நேரடியாகவே கேட்டுவிட்டா: "கழுத்தில கிடந்து என்ன செய்யப் போகுது பிள்ளை?"

இவர் வாற பொங்கல் கழிய அத்திவாரம் வெட்ட வேண்டும் என்று நிற்கிறார். சீசனில் ஓடித் திரிந்து கடனை அடைத்துவிடலாமாம். எனக்கு நெஞ்சு இடிக்கிறது. தொடங்குவதா, இன்னும் வாடகையில் இருந்து சேர்ப்பதா? கட்டின அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வங்கிக் கவுண்டர்:

தங்கச்சி, ஆகஸ்ட் மாதச் சம்பளத்தை ஒரு பக்கம் வையுங்கள். டிசம்பர் மாதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 58 + 45 + 8 = 111 ஆயிரம். அதில் 48 போனால் 63. மூன்று பேர் சாப்பாடு, பெடிக்குப் பால்மா, இவருக்கு நிலாவெளி போய்வரப் பெற்றோல். தட்டுத்தடுமாறி ஓடும். ஆனால் வீடு முடியும்வரை அந்த 63இல் இருந்தே வாடகையும் போகும். இதை எல்லாரும் மறக்கிறார்கள்.

அடுத்தது வட்டி. 15 வருடத்துக்கும் அதே 12 வீதமா, இல்லை சந்தையோடு மாறுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி தூக்கினது. அந்த நேரம் மாறும் வட்டியில் கடன் வைத்திருந்த ஆட்கள் கவுண்டருக்கு வந்து நின்ற முகம் எனக்கு இன்னும் தெரியும். உங்கள் 40 லட்சத்துக்கு வட்டி 18 ஆனால் தவணை 64,000 தாண்டும். அதுவே 25 லட்சம் என்றால் 12 வீதத்தில் 30,000, 18 வீதத்தில் 40,000 சொச்சம். இரண்டாவதை டிசம்பரிலும் கட்டலாம். ஆகவே என் கணக்கில் உங்கள் எல்லை 25.

நீங்கள் அரச உத்தியோகத்தர். ஆதனக் கடன் (அரச ஊழியருக்கான காணி, வீட்டுக் கடன்) பற்றி முதலில் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். சாதாரண வீட்டுக் கடனுக்குப் போவது அதற்குப் பிறகுதான். கணவருக்கு ஊழியர் சேமலாப நிதி எத்தனை வருடம் கட்டுப்பட்டிருக்கிறது? 10 வருடம் கட்டி, கணக்கில் 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுத் தேவைக்கு 30 வீதம் எடுக்கலாம். இல்லாவிட்டால் மீதியின் 75 வீதம் வரை பிணையாகக் காட்டிக் கடன் எடுக்கும் வழி உண்டு. அது தொழில் திணைக்களம் ஊடாக.

கடன் கிடைத்தாலும் முழுக் காசையும் ஒரேயடியாகத் தர மாட்டார்கள். உங்கள் சொந்தக் காசு முதலில் மண்ணுக்குள் போக வேண்டும். அத்திவாரம், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கொங்கிறீற் வளை), கூரை என்று ஒவ்வொரு கட்டமும் வந்து பார்த்துத்தான் விடுவார்கள். அதோடு காணியின் 30 வருட உரித்து வரலாறு கேட்பார்கள். அம்மாவுக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்று இப்போதே தேடி வையுங்கள். அது அரச அனுமதிப்பத்திரத்தில் இருந்து வந்திருந்தால் பிரதேச செயலகத்துக்கும் நடக்க வேண்டி வரலாம்.

பழைய ரீ.ஓ.:

பிள்ளை, நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (ரீ.ஓ.) இருந்தவன். அந்த 8,500க்குள் என்ன இருக்கிறது? சிகரெட் மட்டையில் இருக்காது. நம்மூர்ப் பாஸ்மார் சதுர அடிக் கணக்கு சொன்னால் பெரும்பாலும் வீட்டின் நான்கு சுவருக்குள் உள்ளதுதான். காணியை உயர்த்தக் கிரவல், மலசலகூடக் குழி, தண்ணீர்த் தாங்கி, ஜன்னல் கிரில், மின்சாரமும் குழாய் நீரும் எடுக்கும் செலவு, வரைபட அனுமதி, மதில், கேற்: இவை எல்லாம் தனி. அலஸ்தோட்டத்தில் மாரிக்கு எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கிரவல் எத்தனை லோட் என்பது அதில் இருக்கிறது.

வீதிக்கு உள்பக்கம் என்கிறீர்கள். சரி, ஆனால் உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் வந்தால் பிரதேச சபை அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அளந்து பாருங்கள்.

76 லட்சத்து வீடு உங்களுக்கு இப்போது வேண்டாம். மூன்று அறையில் யார் படுக்கப் போகிறார்கள்? 900 அடிக்கே வரைபடம் கீறி அனுமதி எடுங்கள். கட்டுவது 450 அடி: ஒரு ஹோல், ஒரு அறை, குசினி, குளியலறை. சின்ன வீட்டுக்கு அடிக்கணக்கு கொஞ்சம் ஏறும், ஏனென்றால் காசைத் தின்பது குசினியும் குளியலறையும்தான். அறை என்பது வெறும் சுவர். அடிக்கு 9,000 போடுங்கள், 40 லட்சத்து 50 ஆயிரம். மதில் இல்லாமல் மற்ற வெளிவேலைக்கு 5 லட்சம். மொத்தம் 45 லட்சத்து 50 ஆயிரம்.

முழு 900க்கும் அத்திவாரம் போட்டுவிட்டால் பிறகு லேசு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கடற்காற்றில் தூண் கம்பி நான்கு ஐந்து வருடம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் துரு பிடித்து உதிரும். பிறகு அதில் சுவர் ஏற்றுவது ஆபத்து. கட்டுகிற அளவுக்கு மட்டும் போடுங்கள். கூரை மட்டும் பிறகு நீட்டக்கூடிய மாதிரி முகடு வைக்கச் சொல்லுங்கள்.

கம்பி கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கம்பிக்கு அடியில் சீமெந்துத் துண்டு வைத்துத் தூக்காமல் நிலத்தில் கிடத்திக் கொங்கிறீற் ஊற்றினால் பத்து வருடத்தில் பிளாற் (கொங்கிறீற் தளம்) அடியில் வெடித்துக் கொட்டும். உப்புவெளிப் பக்கம் அப்படி எத்தனை வீடு காட்டட்டும்?

கன்னியா வீதி:

நான் மாறிச் சொல்கிறேன். காத்திருப்பதும் செலவுதான். 22,000 படி வருடத்துக்கு 2 லட்சத்து 64 ஆயிரம் வாடகை. 2022இல் சீமெந்து ஒரு பை மூவாயிரத்தைத் தாண்டினதை மறந்துவிட்டீர்களா? இன்னொரு முறை அப்படி வராது என்று யார் கையெழுத்து வைத்துத் தருவார்?

நாங்கள் கூரை போட்டு, கதவு வைத்து, குளியலறையை மட்டும் ஒழுங்காக முடித்துக்கொண்டு குடிபுகுந்தோம். சுவர் பூசவில்லை, நிலத்துக்கு ரைல்ஸ் இல்லை, வெறும் சீமெந்துத் தரை. வருகிற சனம் எல்லாம் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே "எப்ப பூசுவீங்கள்?" என்று கேட்கும். சிரித்துவிட்டு இருந்தோம். உட்பூச்சு ஒரு போனஸில், வெளிப்பூச்சு ஒரு சீட்டில். ரைல்ஸ் இன்னும் ஹோலுக்கு மட்டும்தான். ஆனால் மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் வந்து கதவில் தட்டுவதில்லை.

நகையை மட்டும் தொடாதீர்கள். அது வீட்டுக்கு இல்லை. ஹோட்டல் ஒரு சீசன் மூடிக் கிடந்தால் தவணை கட்ட அடகு வைப்பதற்கு.

கிண்ணியா மணல்:

கன்னியாக்காரர் சொல்வதைக் கேட்டு யாராவது விலை ஏற முன் சாமான் வாங்கி அடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சொல். சீமெந்தை வாங்கி வைக்காதீர்கள் தங்கச்சி. மாரி ஈரத்தில் பை கல்லாகிவிடும். சீமெந்துக் கல் அரிந்து வைக்கலாம், காய்ந்து நல்லா இறுகும். நிலை, ஜன்னல் மரமும் முன்னுக்கே எடுத்துக் காய வைக்கலாம், நிழலில்.

மணல் எங்கே இருந்து வருகிறது என்று கேளுங்கள். எங்கள் பக்கம் மகாவலி மணலை அனுமதியோடு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், இரவில் கடற்கரைத் திட்டியில் அள்ளி ஆற்றுமணல் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புத் தெரியும். கியூப் (100 கன அடி) கணக்கில் பேசி, பறிக்க முதல் லொறிப் பெட்டியை அளந்து பாருங்கள். லோட் கணக்கில் பேசினால் பெட்டி ஒவ்வொரு நாளும் சுருங்கும்.

பாலையூற்று டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். டிசம்பர்க் கணக்கைக் கொப்பியில் எழுதி முன்னால் வைத்தபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "உன்ர சம்பளத்தில்தான் நாங்கள் மாரி தாண்டுறம் என்ன" என்றார். அது அவருக்கு இவ்வளவு நாளும் தெரியாதாம்!

சேமலாப நிதி அவருக்கு 7 வருடம்தான், ஆகவே 30 வீதம் கிடைக்காது. பிணை வழியைப் பார்க்கிறோம். ஆதனக் கடனுக்கு நான் திங்கட்கிழமை லீவு போட்டு வலயத்துக்குப் போகிறேன். 25 லட்சம் கடன், 15 லட்சம் எங்களது, 40. ரீ.ஓ. ஐயாவின் கணக்குக்கு ஐந்தரை லட்சம் குறைகிறது. சீசனும் சீசன் இல்லாததும் சேர்த்துப் பார்த்தால் மாதம் 50,000 அளவில் மிச்சம் பிடிக்கிறோம், ஒரு வருடத்தில் 6 லட்சம். ஆகவே இந்தப் பொங்கல் இல்லை, அடுத்த பொங்கல். அதற்குள் அளவை, வரைபடம், அனுமதி, உறுதித் தேடல் எல்லாம் முடியட்டும். கன்னியாக்காரர் சொன்ன மாதிரி பூச்சைப் பிறகு பார்த்தால் கையில் கொஞ்சம் இருக்கும். மாமிக்கு நகை விஷயத்தை இவரே சொல்வாராம், பார்ப்போம்.

ஒரு புதுப் பிரச்சினை. 450 அடி என்றதும் இவர் தானே பேப்பரில் கீறத் தொடங்கிவிட்டார். குசினி 14க்கு 12, படுக்கை அறை 8க்கு 9. குக்கைக் கட்டினால் இப்படித்தான். ஐயா, இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தாருங்கள்.

பழைய ரீ.ஓ.:

குசினி 10க்கு 10 போதும், வீட்டில் நூறு பேருக்குச் சமைக்கப் போவதில்லை. அறை 10க்கு 11, ஹோல் 12க்கு 12, குளியலறை 5க்கு 8. மொத்தம் 394 அடி, மிச்சம் சுவருக்கும் ஒரு சின்ன விறாந்தைக்கும் போகும். பிறகு வருகிற இரண்டு அறையும் ஹோலில் இருந்து கதவு திறக்கிற பக்கம் வரட்டும். அந்தச் சுவரில் இப்போதே ஒரு லின்டல் வைத்துக் கல்லால் அடைத்துவிடுங்கள், பிறகு உடைப்பது சுகம்.

குசினி ஜன்னலை மட்டும் தென்மேற்குப் பக்கம் வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காஸ் அடுப்பு நிற்காது. பாஸுக்கு அட்வான்ஸ் ஒன்றும் கொடுக்கவில்லைத்தானே?

பாலையூற்று டீச்சர்:

5,000 கேட்டார், கொடுக்கவில்லை. ஜன்னல் விஷயம் சொன்னேன், அழித்துவிட்டுத் திரும்பக் கீறுகிறார்.