மட்ஸா: தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடம், அதற்குள் என்னதான் நடக்கிறது?

மாவுக்கை எழுதியது:

யூதர்கள் பெசாக் பண்டிகைக்குச் சுடும் மட்ஸா பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழ் வேதாகமத்தில் 'புளிப்பில்லாத அப்பம்' என்று வருவது இதுதான். மாவு, தண்ணீர், வேறொன்றும் இல்லை, 18 நிமிடத்துக்குள் சுட்டுவிட வேண்டும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. ஈஸ்ட் போடாத மாவு பொங்க மணிக்கணக்கில் ஆகுமே, 18 நிமிடத்தில் எப்படிப் புளிக்கும்?

இரண்டாவது, வீட்டு அவனில் சுட்டால் அங்கங்கே உப்பிக்கொண்டு, நடுவில் வேகாமல், ஓரம் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. பிழை அளவிலா, சூட்டிலா? மூன்றாவது, பெட்டியில் ஷ்முரா, மெஷின், முட்டை மட்ஸா என்று பிரித்துப் போட்டிருப்பது ருசிக்காகவா, விதிக்காகவா?

---

ஏடுபுரட்டி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 18 நிமிடத்தில் மாவு பொங்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அது ஒரு வரம்பு. அதைத் தாண்டிச் சும்மா கிடந்த மாவைப் புளித்ததாகவே, அதாவது ஹமேட்ஸாகவே, எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம். ஹமேட்ஸ் பெசாக்கில் விலக்கு.

மிஷ்னா எனும் பழைய யூதச் சட்டத் தொகுப்பின் பெசாகிம் பகுதியில் 'செவிட்டு மாவு' என்று ஒன்று வருகிறது. புளித்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாத மாவு. அதே நேரத்தில் பிசைந்த இன்னொரு மாவு புளித்திருந்தால் இதுவும் ஆகாது. ஒப்பிட வேறு மாவு இல்லையென்றால்? மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் சொல்லும் பதில் அழகானது: மிக்தால் நுனயா என்ற ஊரிலிருந்து திபேரியா ஊருக்கு நடக்கும் நேரம், அதாவது ஒரு மீல் தூரம். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இதை 18 நிமிடம் என்று நிர்ணயித்தார்கள். 22½, 24 என்று எண்ணியவர்களும் உண்டு. ஷுல்ஹான் அருக் எனும் பிற்கால யூதச் சட்ட நூல் 18-ஐ எடுத்துக்கொண்டதால் அதுவே நடைமுறையாக நிலைத்தது.

கண்ணால் பார்க்கும் அடையாளங்களும் மிஷ்னாவில் இருக்கின்றன. மயிர்க்கூச்செறிந்தவன் முகம்போல மாவின் மேற்பரப்பு வெளிறுவது ஒன்று. வெட்டுக்கிளியின் கொம்புபோல மெல்லிய கீறல்கள் தெரிவது இன்னொன்று. அந்தக் கீறல்கள் ஒன்றோடொன்று பின்னிவிட்டால் நன்றாகவே புளித்தாயிற்று. இப்படி ஏதாவது தெரிந்தால் 18 நிமிடம் ஆகாவிட்டாலும் அந்த மாவு போயிற்று.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கடிகாரம் ஓடுவது சும்மா கிடக்கும் மாவுக்குத்தான். கை ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்கும் மாவு புளிப்பதில்லை என்பது ஷுல்ஹான் அருக்கின் நிலை. ஆனால் கைச்சூடு ஏறிய மாவைக் கீழே வைத்தால் அதற்கு 18 நிமிடம்கூடத் தாங்காது, உடனே புளிக்கக்கூடும் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. ஆக நிமிடக் கணக்கைவிட, மாவு எந்தக் கணமும் கவனிப்பாரின்றிக் கிடக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று: எது ஹமேட்ஸ் ஆக முடியுமோ அதில்தான் மட்ஸா செய்ய முடியும். கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்கள் மட்டும். அரிசியும் தினையும் புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகும் என்பது தல்மூத்தின் வாதம். அதனால் அரிசி மாவில் சுட்டது எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் மட்ஸா ஆகாது.

---

தணல் எழுதியது:

கையால் சுடும் பேக்கரியில் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் மேலே சொன்னது நன்றாகப் புரியும்.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது. பொழுது சாயும் நேரத்தில் இறைத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த இடத்தில் மூடிவைத்த தண்ணீர்தான் ஆகும். பெயர் 'மயிம் ஷெலானு', இரவு தங்கிய நீர். அதே சொல்லுக்கு 'நம்முடைய நீர்' என்றும் பொருள் வரும். பபூனியா ஊரில் ரவ் மத்னா என்ற அறிஞர் இதைப் போதித்தபோது, மறுநாள் ஊரே பாத்திரத்தோடு வந்து 'உங்கள் தண்ணீரைக் கொடுங்கள்' என்று நின்றதாம். இரவு தங்கிய நீரைத்தான் சொன்னேன் என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று என்கிறது தல்மூத். வெதுவெதுப்பான தண்ணீரில் மாவு சீக்கிரம் புளிக்கும் என்பதுதான் இத்தனைக்கும் காரணம். அரைத்த மாவை ஒரு நாளாவது ஆறவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கல்லில் அரைபட்ட சூடு மாவிலேயே தங்கியிருக்கும்.

மாவு ஓர் அறையில், தண்ணீர் வேறோர் அறையில். இரண்டையும் ஒரே ஆள் தொடுவதில்லை. மாவு அள்ளுபவர் கிண்ணத்தில் கொட்டிவிட்டு நகர்ந்துகொள்வார், தண்ணீர் ஊற்றுபவர் ஊற்றுவார். மாவுத் தூசி தண்ணீர்ப் பக்கம் பறந்தால் யார் கண்ணிலும் படாமல் ஹமேட்ஸ் உருவாகிவிடும். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மாவு எடையில் சுமார் பாதி தண்ணீர். கெட்டியான, லேசில் வளையாத மாவு.

ஒரு தடவைக்குப் பிசையும் மாவுக்கும் வரம்பு உண்டு: 43.2 முட்டை கொள்ளளவு. இன்றைய கணக்கில் பலரும் 1.67 கிலோ மாவு என்று எடுப்பார்கள். நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் போடுவார்கள், கொஞ்சமாக இருந்தால்தான் கை ஓயாமல் வேலை ஓடும். தனித்தனிப் பிசைவு சிறியதாக இருப்பதால், சுட்ட மட்ஸாக்களை ஒரே கூடையில் சேர்த்துவைத்து அதிலிருந்து ஹல்லா எனும், கட்டளைப்படி ஒதுக்க வேண்டிய பங்கைப் பிரிப்பார்கள்.

பிசைந்ததும் துண்டுகள் நீள மேசைக்குப் போகும். இருபுறமும் ஆட்கள் நின்று தேய்ப்பார்கள். தேய்த்ததைக் கட்டையோடு தூக்கும்போது மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக வர வேண்டும். பிசையும்போதும் தேய்க்கும்போதும் 'லெஷெம் மட்ஸோத் மிட்ஸ்வா' என்று வாய்விட்டுச் சொல்வார்கள். கட்டளையான மட்ஸாவுக்காகவே இதைச் செய்கிறேன் என்று பொருள். அந்த நினைப்பு இல்லாமல் சுட்டது பண்டிகையின் முதல் இரவில் மட்ஸா சாப்பிடும் கடமைக்கு உதவாது. அடுத்து, பல் வைத்த சின்னச் சக்கரத்தை மேலே உருட்டி வரிசையாகத் துளை போடுவார்கள். துளை அழகுக்கு இல்லை. நீராவிக்கு வழி விடாவிட்டால் அப்பளம்போல உப்பிவிடும். பிறகு நீளக் கம்பில் துணிபோலத் தொங்கவிட்டு, அடுப்புத் தரையில் விரிப்பார்கள். விறகு அல்லது கரி அடுப்பு, சூடு அசாத்தியம். ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும்.

அந்தக் கம்பை விரிக்கும் கைதான் பேக்கரியிலேயே பதம் தெரிந்த கை. ஒரு ஓரம் மடிந்து விழுந்தால் உள்மடிப்பில் வேகாமல் நிற்கும். அதற்கு 'கெஃபுலா' என்று பெயர். மேல் தோலும் கீழ்த் தோலும் பிரிந்து உள்ளே பை விழுந்தால் 'நெஃபுஹா'. இரண்டையும் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கில் ஒதுக்கிவிடுவார்கள். வெந்ததா என்று பார்க்க ஒன்றை உடைப்பார்கள். உடைந்த இடத்தில் மாவு நூல்நூலாக இழுக்கக் கூடாது.

18 நிமிடம் முடிவதற்குள் எல்லாம் நிற்கும். மேசைத் தாள் மாறும். கட்டைகளை எடுத்துப் போய்த் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். எல்லோரும் கை கழுவி, நகத்திடுக்கில் மாவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த மாவைத் தொடுவார்கள். வெயில் விழும் ஜன்னலோரம் பிசையக் கூடாது என்பதும் விதி.

---

அவன்சூடு எழுதியது:

வீட்டில் சுடுவதற்கு: பிழை சூட்டில்தான், அதோடு தடிமனிலும். 250 கிராம் மாவுக்கு 120-125 மில்லி குளிர்ந்த தண்ணீர் போதும். மாவு இளகலாக இருந்தால் தேய்க்கச் சுகமாக இருக்கும், ஆனால் உள்ளே நீர் அதிகம்; மேல்பக்கம் இறுகிய பிறகும் நீராவி உள்ளே சிக்கி, நீங்கள் சொன்ன தோல்தான் மிஞ்சும்.

அவனை அதன் உச்ச சூட்டில் (250 டிகிரி) வைத்து, பீட்சா கல் அல்லது தடித்த இரும்புத் தட்டை உள்ளே முக்கால் மணி நேரம் காயவிடுங்கள். மெல்லிய டின் தட்டு மாவு பட்டதுமே ஆறிவிடும். நடுப்பகுதி வேகாமல் போவதற்கு அதுதான் காரணம். மாவை எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு மில்லிமீட்டருக்குத் தேய்த்து, முள்கரண்டியால் ஒரு விரற்கடை இடைவெளியில் அடி தொடும்வரை குத்துங்கள். மேலாகக் குத்தினால் துளை மூடிக்கொள்ளும். மூன்று நான்கு நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிப் போடலாம். ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் கம்பி வலையில் ஆறவிடுங்கள். சூட்டோடு அடுக்கினால் வேர்த்து இளகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சப்பாத்திக்கு மாவை ஊறவைப்பது நல்ல பழக்கம், இங்கே அதுவே தோல்வி. அப்படியே எல்லா விதிப்படியும் வீட்டில் சுட்டாலும், சாதாரணக் கடை மாவில் செய்தது பெசாக்குக்கு ஆகாது. பெரிய ஆலைகளில் அரைப்பதற்கு முன் கோதுமையை நீரில் நனைத்துப் பதப்படுத்துவது வழக்கம். தண்ணீர் அங்கேயே பட்டுவிட்டது. பெசாக் மாவை நனைக்காமல் அரைக்கிறார்கள்.

---

மாவுக்கை எழுதியது:

மாவிலேயே தண்ணீர் பட்டிருக்கும் என்பது தெரியாமல் போயிற்று, நன்றி. அப்படியானால் ஷ்முரா என்பது அரைப்பதிலிருந்து காவல் காப்பதா, அதற்கும் முன்னாலா?

---

ஏடுபுரட்டி எழுதியது:

அறுவடையிலிருந்தே. ஷ்முரா என்றால் 'காக்கப்பட்டது'. முற்றிக் காய்ந்த கதிர் மண்ணிலிருந்து சத்து இழுப்பதை நிறுத்திவிடும். அந்த நிலையில் மழை பட்டால் வயலிலேயே ஹமேட்ஸ் ஆகலாம். அதனால் கதிரில் கொஞ்சம் பச்சை இருக்கும்போதே, காய்ந்த பகல் பொழுதில் அறுத்து, ஈரம் படாமல் மூடிவைப்பார்கள். முளை விட்ட மணி கிடக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சாதாரண மட்ஸாவுக்கு அரைவையிலிருந்துதான் காவல். முதல் இரவுக்கு மட்டுமாவது ஷ்முரா வாங்குவது பல வீடுகளில் வழக்கம்.

மெஷின் மட்ஸாவுக்குப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1838-இல் அல்சாஸில் ஐசக் சிங்கர் என்பவர் மாவு தேய்க்கும் இயந்திரம் செய்தார். 1859-இல் புரோடி ஊர் ரப்பி (யூத மதகுரு) ஷ்லோமோ க்ளூகர் கூடாது என்று எழுத, லெம்பர்க் ரப்பி யோசெப் ஷாவுல் நாதன்சன் கூடும் என்று பதில் எழுதினார். பல் சக்கரங்களில் மாவு ஒட்டி நிற்கும் என்பது ஒரு வாதம், இயந்திரத்துக்கு மட்ஸா என்ற நினைப்பு எங்கே இருக்கும் என்பது இன்னொன்று. மட்ஸா தேய்த்துப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலி போய்விடும் என்பதையும் க்ளூகர் எழுதினார். எனக்கு அந்த வாதம்தான் கனமாகப் படுகிறது. வட்டமாக வெட்டும்போது மிஞ்சும் மூலைத் துண்டுகளைத் திரும்பப் பிசைவதால் நேரம் போகிறது என்ற குறையும் இருந்தது. சதுர மட்ஸாவில் அந்த மிச்சமே விழாது. 1888-இல் சின்சினாட்டியில் தொடங்கிய மானிஷெவிட்ஸ் அந்தச் சதுரத்தைத்தான் அமெரிக்கா முழுக்கப் பரப்பியது.

பெட்டியில் '18 நிமிட மட்ஸா' என்று தனியாகப் போட்டிருந்தால், ஒவ்வொரு 18 நிமிடத்துக்கும் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்த ஓட்டம் என்று பொருள். மற்றவை, மாவு நிற்காமல் நகர்கிறது என்ற அடிப்படையில் நீண்ட நேரம் ஓடுபவை.

முட்டை மட்ஸா வேறு. தண்ணீருக்குப் பதில் பழச்சாறும் முட்டையும் சேர்ப்பது. தண்ணீர் கலக்காத பழச்சாறு மாவைப் புளிக்கவைக்காது, ஒரு துளி தண்ணீர் சேர்ந்தால் வழக்கத்தைவிட வேகமாகப் புளிக்கும். அதனால் அஷ்கெனாசி வழக்கில் பெசாக் நாட்களில் நோயாளிகளும் முதியவர்களும் மட்டுமே சாப்பிடலாம். முதல் இரவுக் கடமைக்கு யாருக்குமே ஆகாது. உபாகமம் 16:3 இதைச் 'சிறுமையின் அப்பம்' என்கிறது. முட்டையும் சாறும் சேர்ந்தால் அது பணக்கார அப்பம்.

---

தணல் எழுதியது:

மட்ஸா என்றாலே முறுகல் என்று நினைக்க வேண்டாம். ஏமன், ஈராக் யூதர்கள் மென்மையான மட்ஸா சுடுவார்கள், மடித்தால் உடையாது. தல்மூத் ஒரு கையகலத் தடிமன் வரைகூட அனுமதிக்கிறது. மெல்லியதாகச் சுடும் வழக்கத்தை அஷ்கெனாசிகளுக்கு உறுதிசெய்தவர் ரெமா என்ற 16-ஆம் நூற்றாண்டுப் போலந்து ரப்பி. மென்மையானது ஓரிரு நாளில் காய்ந்தோ பூசணம் பூத்தோ போகும். அன்றன்றைக்குச் சுடுவார்கள், இல்லையென்றால் உறையவைப்பார்கள்.

சேடர் எனும் பெசாக் முதல் இரவு விருந்துச் சடங்கில் மூன்று மட்ஸா ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நடுவில் உள்ளதை முதலிலேயே இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அஃபிகோமானாக, அதாவது கடைசியில் சாப்பிடும் துண்டாக, ஒளித்துவைப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் மூன்றையும் பிடித்து அப்பத்துக்கான ஆசி சொல்லி, அடியில் உள்ளதைக் கீழே விட்டு, மேலதையும் உடைந்ததையும் பிடித்தபடி மட்ஸாவுக்கான ஆசியைச் சொல்லிச் சாப்பிடுவார்கள். அடியில் விட்டது கசப்புக் கீரையோடு சேர்த்துச் சாப்பிடும் 'கோரேஹ்' சுற்றுக்கு. கடைசியில் அஃபிகோமான். அதற்குப் பிறகு மீதமுள்ள இரண்டு கோப்பைத் திராட்சை ரசமும் தண்ணீரும் தவிர வேறெதுவும் வாயில் போவதில்லை. மட்ஸாவின் ருசியோடுதான் இரவு முடிய வேண்டும்.