ஸ்கேர்வேருக்குத் தமிழ்: மிரட்டா, மருட்டா, வெருட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

முதியோருக்கான இணையப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்கேர்வேர் என்ற சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். திரை திடீரெனச் சிவக்கும், ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று அலறும், பணம் கட்டினால் சரிசெய்வதாகச் சொல்லும். 2008இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் வழக்குத் தொடுத்த நிறுவனங்கள் விற்ற வின்ஃபிக்சர் என்ற மென்பொருள் இந்த வகைதான். ‘பயமுறுத்தும் மென்பொருள்’ என்று எழுதினால் பேய் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். உதவுங்கள்.

மதுரையிலிருந்து

•

அம்மா,

பயம் வடசொல். சங்கப் பாடல்களில் பயம் என்றால் பயன். அந்தப் பொருளை இழந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அஞ்சு, அச்சம், அச்சுறுத்து என்று நம்மிடம் ஒரு குடும்பமே இருக்கும்போது கடன் எதற்கு? ‘அச்சுறுத்து நிரல்’ என்று எழுதுங்கள்.

தஞ்சையிலிருந்து

•

ஐயா சொல்வது சரி. ஆனால் நாளை யாராவது அதை ‘அச்சு நிரல்’ என்று சுருக்குவார்கள். அது அச்சுப்பொறியை இயக்கும் நிரலாகிவிடும்.

தன்வினை, பிறவினை இணைகளைப் பாருங்கள்: மிரள், மிரட்டு, வெருள், வெருட்டு, மருள், மருட்டு, அரள், அரட்டு. ஆங்கிலத்தில் ஃப்ரைட்டன் என்பதை இடியும் செய்யும், இருட்டும் செய்யும். இண்டிமிடேட் என்றால் எதிராளியைப் பணியவைக்கும் நோக்கம் வேண்டும். குற்ற மிரட்டலைப் பற்றிப் பேசும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 503ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவும் அஞ்சவைக்கும் அல்லது பணியவைக்கும் நோக்கத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஸ்கேர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த மென்பொருளோ பொய் சொல்லி மயக்கி அஞ்சவைக்கிறது. மருள் என்ற சொல்லில் மயக்கமும் உண்டு, அச்சமும் உண்டு. ஆகவே ‘மருட்டு நிரல்’.

கோவையிலிருந்து

•

ஒப்ப மாட்டேன். ‘நகையே அழுகை இளிவரல் மருட்கை, அச்சம் பெருமிதம் வெகுளி உவகை’ என்று எட்டு மெய்ப்பாடுகளை (உணர்வுகளை) அடுக்கும் தொல்காப்பியர் மருட்கையையும் (வியப்பு) அச்சத்தையும் தனித்தனியாக எண்ணுகிறார். எட்டில் இரண்டை ஒன்றாக்க நமக்கு என்ன உரிமை?

அதே மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அதாவது அரசன்). இந்த மோசடியில் கள்வர் இறையின் வேடம் போடுகிறார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று காணொளி அழைப்பில் காவல் சீருடையோடு வந்து உட்காருகிறவனும் அதைத்தான் செய்கிறான். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பகல் முழுவதும் தொலைபேசியைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரை ஆட்டிவைத்தது கள்வனைப் பற்றிய அச்சம் அன்று, அரசைப் பற்றிய அச்சம். கையேட்டில் எந்தச் சொல்லைப் போட்டாலும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தஞ்சையிலிருந்து

•

வணக்கம் ஐயா,

எங்கள் பக்கத்தில் வயலில் குருவியை விரட்ட நிறுத்தும் பொம்மைக்கு வெருளி என்று பெயர். உள்ளே வைக்கோல், வெளியே சட்டை. இந்த மென்பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. குறளிலும் ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ‘வெருட்டி’ என்று ஒற்றைச் சொல்லாக வையுங்கள். போபியா என்கிற மிகையச்ச நோய்க்குச் சிலர் வெருளி என்று எழுதுவதால் அதைத் தவிர்க்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

•

வெருட்டி அழகான சொல். ஆனால் எழுபது வயதில் முதல்முறையாகக் கைப்பேசி வாங்கிய மதுரைக்காரருக்கு அதற்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ அவருக்குத் தெரியும். ‘கொலை மிரட்டல்’ தினமும் நாளிதழில் வருகிறது. என் வாக்கு ‘மிரட்டு மென்பொருள்’.

கோவையிலிருந்து (மருட்டைக் கைவிட்டுவிட்டேன்)

•

அனைவருக்கும் நன்றி. நான்கு பேர் மிரட்டு என்று தனிமடலிலும் எழுதியிருக்கிறார்கள். ‘மிரட்டு மென்பொருள்’ என்றே அனுப்புகிறேன். 1930 அட்டையிலேயே இருக்கும்.

மதுரையிலிருந்து

•

அம்மா, அவசரம் புரிகிறது. ஆனாலும் மிரட்டுகிறவனிடம் கத்தியாவது இருக்கும். வெருளியிடம் வைக்கோல்தான் இருக்கிறது. வாசிக்கிறவருக்குத் தெரியவேண்டியது அதுதானே? அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘வெருட்டி’யைச் சேருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து