வேலைக்குப் போகிற அம்மாமாரே, நடக்க நேரம் எப்படி எடுக்கிறீர்கள்?

வணக்கம் அக்காமார், தங்கச்சிமார். நான் யாழ்ப்பாணம், கோண்டாவில். விடியச் சமையல், பள்ளிக்கூடம், கந்தோர். பின்னேரம் பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கவே இருட்டிவிடும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது அரை மணித்தியாலப்படி ஐந்து நாள் வேகநடை. பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடக்க சரியான ஆசை, ஆனால் விடிய இருட்டோடு தனியாகப் போகத் தயக்கம். சேர்ந்து நடக்கிற பெண்கள் இருக்கிறீர்களா? பிள்ளைகளின் ரியூசன் முடியும்வரை ரியூசன் பக்கமே நடக்கிறவர்களும் சொல்லுங்கள்.

அப்புறம் உடுப்பு. எனக்குப் பிடித்தது பருத்திச் சாரி. கஞ்சி போட்டு அயன் பண்ணத்தான் நேரமில்லை. விருப்பமாக உடுத்த நாளில் வேலையே உற்சாகமாக ஓடுகிறது, அதை விடமாட்டேன். ஸ்கூட்டியில் போனாலும் கசங்காத, வெயிலுக்கு ஏற்ற துணி எது? திருநெல்வேலிப் பக்கம் அளவாகச் சட்டை தைக்கிற அக்கா யாரும் தெரியுமா?