குளூட்டன் இல்லாத சினமன் ரோல்: எங்கே கிடைத்தது, வீட்டில் எப்படி வந்தது?

தொடங்கியவர், ஸ்டாக்ஹோம்

சீலியாக் (கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ள பிள்ளைகளோடு சுவீடனில் இருப்பவர்களுக்கும் இங்கே வந்து போகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பட்டைப் பொடியும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிச் சுடும் சினமன் ரோலுக்கு இங்கே கனேல்புல்லே என்று பெயர். அமெரிக்காவில் போல மேலே கிரீம் சீஸ் ஊற்ற மாட்டார்கள். மாவிலேயே ஏலக்காய் சேர்ப்பார்கள், மேலே கல்கண்டுத் துணுக்கு மாதிரி வெள்ளைச் சர்க்கரை தூவுவார்கள். 1999-லிருந்து அக்டோபர் 4 கனேல்புல்லே நாள். அன்று அலுவலகத்திலும் பள்ளியிலும் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும். என் மகளுக்குச் சீலியாக். மற்ற பிள்ளைகள் ரோல் சாப்பிடும்போது இவளிடம் மட்டும் ஒரு ஆப்பிளை நீட்டினால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தத் தேடல்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் உறைபெட்டிப் பகுதியில் ஃப்ரியா என்ற சுவீடன் நிறுவனத்தின் ரொட்டி, பன் வகைகள் இருக்கும். அதில் கனேல்புல்லேயும் உண்டு. உறைந்ததை எடுத்து மைக்ரோவேவில் சில நொடி வைத்து, சூடாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஆறிவிட்டால் உதிர ஆரம்பிக்கும். புதிதாகச் சுட்டது வேண்டுமென்றால் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஆடம் என்ற பேக்கரிக்குப் போகலாம். அங்கே கோதுமை, பார்லி, ரை எதுவுமே சமையலறைக்குள் வருவதில்லை. முதல் முறை போனபோது என் மகள் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று, "இதுல எது வேணும்னாலும் எடுக்கலாமா அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு கடையில் நான் சொன்னது அன்றுதான்.

சாதாரண கஃபேக்களில் கவனம் வேண்டும். ஒரு இடத்தில் குளூட்டன் இல்லாத ரோலும் சாதாரண ரோலும் ஒரே தட்டில், ஒரே இடுக்கியோடு இருந்தன. கேட்டதும் கவுண்டரில் இருந்த பெண் நேராகவே சொன்னார்: "சீலியாக் என்றால் இதை வாங்காதீர்கள், உள்ளே உறையில் சுற்றியது இருக்கிறது, அதைத் தருகிறேன்." அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி. ருசியை விசாரிப்பதற்கு முன்னால் இடுக்கியை விசாரியுங்கள்.

பதில், கலிஃபோர்னியா

நல்ல இழை அக்கா. எங்கள் வீட்டில் சீலியாக் எனக்குத்தான்.

ஓக்லாந்தில் மாரிபோசா பேக்கிங் கம்பெனி இருக்கிறது, முழுக்க முழுக்கக் குளூட்டன் இல்லாத பேக்கரி. அவர்களுடைய சினமன் ரோலைத்தான் நான் மற்ற எல்லா ரோலுக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறேன். நடுச்சுருள் ஈரமாக இருக்கும், இழுத்தால் சுருள் பிரிந்து வரும். பல கடைகளில் கிடைப்பது உருட்டி வைத்த கேக்தான். வாயில் போட்டதும் மாவாகிவிடும். சுருள் பிரிகிறதா, உடைகிறதா என்று மட்டும் பாருங்கள். நல்ல ரோலுக்கு வேறு சோதனை தேவையில்லை.

வீட்டில் செய்யப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிங் ஆர்தர் நிறுவனத்தின் குளூட்டன் இல்லாத பிரெட் மாவு, இத்தாலியின் கபூட்டோ ஃபியோரேகிளுட் மாவு இரண்டிலும் கோதுமை ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கிறது. பையில் அதைப் படித்ததும் பலர் பதறிப்போய்த் திருப்பி வைத்துவிடுகிறார்கள். கோதுமையிலிருந்து புரதத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் ஸ்டார்ச் அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது, இந்த மாவும் அந்த வரம்புக்குள் வருவதுதான். சீலியாக் உள்ளவர்கள் பயன்படுத்தலாம். ஆனால் கோதுமை ஒவ்வாமை வேறு விஷயம். என் தங்கை மகனுக்கு அதுதான், அவன் இந்த மாவைத் தொடவே கூடாது. விருந்தாளிக்குச் செய்யும்போது "குளூட்டன் ஆகாதா, கோதுமையே ஆகாதா" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஸ்டார்ச் மாவில் செய்த ரோல் மைதா ரோலுக்கு மிக அருகில் வருகிறது. அரிசி மாவை மட்டும் நம்பிச் செய்ததில் அந்த மென்மை எனக்குக் கிடைத்ததில்லை.

பதில், சென்னை

கலிஃபோர்னியா தோழி சொன்ன கடைசி வரியை நான் மறுக்கிறேன், அன்போடுதான். அரிசி மாவில் மென்மை வரும். இசப்கோல் வேண்டும், அவ்வளவே.

எங்கள் பக்கம் கடையில் நம்பி வாங்குகிற மாதிரி ரோல் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு பேக்கரியில் "மைதா இல்லை மேடம், கோதுமைதான்" என்று பெருமையாகச் சொல்லி நீட்டினார்கள். கட்டிப் பெருங்காயத்திலேயே கோதுமை மாவோ மைதாவோ கலக்கிற ஊரில் எத்தனை இடத்தில் விளக்கம் சொல்வது? அதனால் வீட்டு ஓடிஜி அடுப்பில்தான் எல்லாம்.

குளூட்டன்தான் மாவை ரப்பர் போல இழுத்துப் பிடிக்கிறது, ஈஸ்ட் விடும் காற்றை உள்ளேயே அடைத்து வைக்கிறது. அது இல்லாதபோது அந்த வேலையைச் செய்ய ஒன்று வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் சாந்தன் கம் என்று போட்டிருக்கும். அது மாவைக் கெட்டியாக்கும், ஆனால் உருட்டிச் சுருட்ட வளைந்து கொடுக்காது. இசப்கோல் உமி தண்ணீரைக் குடித்துக் கூழாகி மாவைப் பிடித்துக்கொள்ளும். குஜராத்தில் விளைகிறது, நம் மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு என்று விற்கிறார்கள். ஆரஞ்சு வாசனை, சர்க்கரை எதுவும் சேர்க்காத வெறும் உமியாக வாங்கி மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். சில இசப்கோல் வெந்ததும் மாவைச் சாம்பல் ஊதா நிறமாக்கும், பயப்பட வேண்டாம், ருசியில் எதுவும் இல்லை.

என் அளவு: சலித்த நைஸ் அரிசி மாவு 130 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 70. இசப்கோல் பொடி 15 கிராம். வெதுவெதுப்பான பால் 280 மில்லி, ஒரு முட்டை, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 50, உப்பு ஒரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். முதலில் பாலில் இசப்கோலைக் கலந்து கூழாக விட்டுவிட்டு, பிறகுதான் மற்றதெல்லாம். மாவு கையில் ஒட்டும். ஒட்டட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவினால் வெந்த பிறகு செங்கல்லாகிவிடும். மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுகி, தேய்க்கிற பதத்துக்கு வரும்.

பட்டர் பேப்பரில் கொஞ்சம் ஸ்டார்ச் தூவி, செவ்வகமாகத் தேய்த்து, இளகிய வெண்ணெயைத் தடவுங்கள். உருகிய வெண்ணெய் வேண்டாம், வழிந்து தட்டில் நிற்கும். மேலே நாட்டுச் சர்க்கரையும் பட்டைப் பொடியும். பட்டையை மாவில் கலக்காதீர்கள், அது ஈஸ்டை மந்தப்படுத்தும். பேப்பரைத் தூக்கித் தூக்கியே பாய் சுருட்டுவது போலச் சுருட்ட வேண்டும். கத்தி நசுக்கிவிடும், அதனால் வெள்ளை நூலை அடியில் கொடுத்து மேலே குறுக்காக இழுத்து வெட்டுங்கள். துண்டுகளைச் சின்னப் பாத்திரத்தில் நெருக்கி அடுக்குவது முக்கியம்; இடம் விட்டால் பக்கவாட்டில் பரவிவிடும், நெருக்கினால் மேலே எழும். ஒரே ஒரு முறை உப்ப விட்டால் போதும். 180 டிகிரியில் ஏறக்குறைய 25 நிமிடம்.

என் மாமியார் இனிப்பில் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். இதைச் சாப்பிட்டுவிட்டு, "மைதா போட்டியா?" என்று சந்தேகமாகக் கேட்டார். அவருக்கும் எனக்கும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பதில், ஸ்காபரோ, கனடா

எல்லாருக்கும் வணக்கம். நான் இரண்டு விசயம்தான் சொல்ல வந்தனான்.

முதலாவது கறுவா, நீங்கள் பட்டை எண்டு சொல்லுறது. எங்கட இலங்கைக் கறுவா மெல்லிசாய், பல அடுக்காய்ச் சுருண்டிருக்கும். வாசம் மென்மையானது, கொஞ்சம் இனிப்பும் இருக்கும். இங்க கடையளில சினமன் எண்டு விக்கிறதில கனக்க காசியா, தடிச்ச பட்டை, காரம் கூட. அமெரிக்க ரோலிண்ட அந்தத் தூக்கலான வாசம் காசியாவிண்டதுதான். காசியாவில கூமரின் எண்ட பொருள் கூட இருக்கு, நாளாந்தம் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டால் ஈரலுக்குக் கூடாது. இடைக்கிட ரோல் சாப்பிடுறதுக்குப் பயப்படத் தேவையில்லை. நான் ரெண்டையும் பாதிப் பாதி கலக்கிறனான்: வாசத்துக்குக் காசியா, ருசிக்கு எங்கட கறுவா. அம்மம்மா இருந்திருந்தா காசியாவைக் குசினிக்குள்ளயே விட்டிருக்க மாட்டா.

இரண்டாவது, மிஞ்சினதை ஃபிரிட்ஜில வைக்காதேங்கோ. ஸ்டார்ச் குளிரில கெதியா இறுகும், குளூட்டன் இல்லாத ரோலில ஸ்டார்ச்தானே முழுக்க. ஆறினவுடனே ஒவ்வொண்டாய்ச் சுற்றி ஃபிரீசரில வையுங்கோ. வேணுமெண்டேக்க சூடாக்கினால் திரும்ப மெதுமையாகும். ஸ்டாக்ஹோம் அக்கா வாங்கிற கடை ரோலும் அப்பிடி உறைய வைச்சுத்தானே வருகுது.

பதில், கலிஃபோர்னியா

சென்னை அக்கா, உங்கள் அளவில் இன்று செய்தேன். மாவு அவ்வளவு ஒட்டியும் கூடுதல் மாவு போடவில்லை, நீங்கள் சொன்னபடியே விட்டேன். சுருள் பிரிந்து வந்தது! கோதுமை ஸ்டார்ச் துளியும் இல்லை என்பதால் தங்கை மகனுக்கும் கொடுக்க முடிந்தது. என் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவனுடைய நண்பன் ஒருவனுக்கு முட்டையும் ஆகாது, அதற்கு என்ன செய்யலாம்?

பதில், சென்னை

ரொம்ப சந்தோஷம் தோழி. முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 50 கிராம் போடுங்கள், பாலில் ஒரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வெளிறித்தான் வேகும். உள்ளே வைக்கும் முன் மேலே பால் தடவிவிட்டால் நிறம் வந்துவிடும்.