பொருள்: அன்கேனி வேலிக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள்)

தும்பி:

குழும நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழியில் காட்சித் தொடர்பியல் படிப்பவர்களுக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடுத்துக்காட்டாக எடுத்திருப்பது ‘ஃபைனல் ஃபேன்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்’. அந்த வீடியோ கேம் வரிசையை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி இயக்கி, ஹொனலுலு ஸ்டூடியோவில் உருவாகி 2001இல் வந்த படம். முகங்கள் எல்லாம் கணினியில் செய்தவை, நிஜ மனிதர் போலவே இருக்கும். நாயகி ஆக்கி ராஸுக்குத் தலைமுடி மட்டும் சுமார் 60,000 இழை. ஆனாலும் பலருக்கு அந்த முகங்கள் ஒட்டவில்லை. முடிக்கு உயிர் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை.

இதைத்தான் அன்கேனி வேலி (uncanny valley; இங்கே வேலி என்றால் பள்ளத்தாக்கு) என்கிறார்கள். 1970இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி சொன்ன கருத்து. உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே போகும். மிக நெருங்கியதும் சட்டென்று அருவருப்பில் விழும். அதையும் தாண்டினால் மறுபடி ஏறும். அந்த விழுகிற இடத்துக்குப் பெயர் வேண்டும். ஒலிபெயர்த்தால் பையன்கள் முள்வேலி என்று நினைக்கிறார்கள்!

பொரிகடலை:

அமானுஷ்யப் பள்ளத்தாக்கு. வேலை முடிந்தது.

தும்பி:

அதில் ஒரு சிக்கல். படத்தில் பேய் மாதிரி வேற்றுக்கோள் உருக்கள் வருகின்றன. அமானுஷ்யம் என்றால் மாணவர்கள் அவற்றைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது மனித முகங்களை.

ஆய்தம்:

வடசொல் எதற்கு? வள்ளுவர் எப்போதோ தந்துவிட்டார்.

“நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி அற்று.”

கயிற்றால் ஆடும் மரப்பொம்மை உயிருள்ளதுபோல் மயக்குகிறது. உயிர்மருட்டு! மருட்கை, அதாவது வியப்பு, தொல்காப்பியத்தின் எண்வகை மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்வுகளில்) ஒன்றும்கூட. ‘உயிர்மருட்டு அவல்’ என் பரிந்துரை. பள்ளத்துக்கு அவல் என்பது புறநானூற்றுச் சொல்: “அவலா கொன்றோ மிசையா கொன்றோ.”

பொரிகடலை:

ஐயா, அவல் என்றால் வகுப்பில் வெல்லம் கேட்பார்கள்.

நொச்சி:

ஆய்தம் ஐயா, குறள் அழகுதான், ஆனால் இங்கே நேரெதிர். மருட்டுவதில் பொம்மை வென்றுவிட்டால் பள்ளமே கிடையாது. மயக்கம் பாதியில் கலைகிற இடம்தான் பள்ளம். மோரி தன் வரைபடத்தில் ஜப்பானின் புன்ராக்குப் பொம்மலாட்டப் பாவையைப் பள்ளத்தைத் தாண்டி ஏறுமுகத்தில்தான் வைத்திருக்கிறார். தூரத்திலிருந்து ஆட்டத்தில் ஒன்றிப் பார்ப்பவருக்கு அது உறுத்துவதில்லை. வள்ளுவரின் மரப்பாவையும் அந்தக் கரைதான். மோரி பள்ளத்தில் வைத்தது செயற்கைக் கையை. பார்க்க நிஜக் கை, குலுக்கினால் சில்லென்று இருக்கும்.

ஆய்தம்:

அம்மா சொல்வதை மறுக்கவில்லை. அப்படியானால் அது எண்வகையில் அச்சமா, இளிவரலா (இழிவுணர்வா)? அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொன்ன நிலைக்களன் நான்கு: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறை” (தெய்வம், விலங்கு, கள்வர், அரசர்). ஆக்கி ராஸ் இதில் எதிலும் சேரமாட்டாள். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பிணி வேண்டுமானால் பொருந்தும். மோரியும் பள்ளத்தின் பக்கம் பிணத்தை வைக்கிறார்...

கடலோடி:

ஜப்பானியத்தில் இது ‘புகிமி நோ தானி’. தானி என்றால் பள்ளத்தாக்கு. சுசுமு ஓனோ ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு சொன்னவர். இந்தத் தானி நம் ‘தாழ்’ என்பதிலிருந்து...

பொரிகடலை:

தானி என்றால் ஆட்டோ என்று இதே குழுமத்தில்தானே முடிவு செய்தோம்?

மட்டுறுத்துநர்:

ஓனோ பற்றித் தனி இழை தொடங்குங்கள். ஆட்டோவுக்கும் அப்படியே.

நொச்சி:

எல்லாருக்கும் தெரிந்த சொல் ஒன்று இருக்கிறதே: நெருடல். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஏதோ நெருடுகிறது என்றுதானே இந்தப் படம் பார்த்தவர்கள் சொல்வார்கள்? நெருடல் பள்ளம்.

தும்பி அவர்களுக்கு இன்னொன்று. படத்தின் தோல்விக்கு முழுப்பழியையும் பள்ளத்தின்மேல் போட்டுவிடாதீர்கள். சுமார் 137 மில்லியன் டாலர் செலவு, வசூல் சுமார் 85 மில்லியன். அடுத்த ஆண்டே ஸ்டூடியோ மூடப்பட்டது. விளையாட்டின் ரசிகர்களுக்குத் தெரிந்த ஒரு பாத்திரம்கூடப் படத்தில் இல்லை. அந்தக் குறையைப் பெயரிலிருந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஈடுகட்டவில்லை.

பொரிகடலை:

நெருடலுக்கு என் ஓட்டு. அமானுஷ்யத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

கடலோடி:

எனக்கும் சம்மதம். தானி இழையைத் தனியே தொடங்கியிருக்கிறேன்.

ஆய்தம்:

நெருடல் என்பது காலில் முள் குத்தியது போன்ற சின்ன உறுத்தல். மோரி சொன்ன திகில் அதில் இல்லை. சரி, பெரும்பான்மை அதுவென்றால் புணர்ச்சியாவது ஒழுங்காக வரட்டும்: நெருடற்பள்ளம்.

தும்பி:

அனைவருக்கும் நன்றி. ‘நெருடல் பள்ளம்’ என்றே அனுப்பிவிட்டேன். றகரம் போட்டால் முதலாண்டு மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். உயிர்மருட்டைப் பொம்மலாட்டப் பகுதியில் குறளோடு சேர்த்திருக்கிறேன்.

அடுத்த பாடம் ரெண்டரிங், அதாவது கணினி மாதிரியிலிருந்து இறுதிப் படத்தை உருவாக்குவது. ‘வனைதல்’ போடலாமா?

ஆய்தம்:

வனைதல் குயவருடையது. விரிவாக நாளை எழுதுகிறேன். நெருடலில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள்.