மண் அகலில் எண்ணெய் கசிந்து பெயின்ட் உரிகிறது, என்ன செய்யலாம்?

நவராத்திரி தாம்பூலப் பைக்காக 2 அங்குல மண் அகலில் அக்ரிலிக் பெயின்ட் அடித்து, குந்தன் கல் ஒட்டுகிறேன். நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றினால் ஒரு மணி நேரத்திலேயே வெளிப்பக்கம் கசிகிறது. அடிப்பாகத்தில் பெயின்ட் கொப்புளம் விட்டுத் தோல் மாதிரி உரிகிறது, கல்லும் கழன்றுவிடுகிறது.

இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். ஈரம் மிச்சமிருந்தாலும் உரியுமே! வெளியே வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட், கடைசியில் வார்னிஷ். எண்ணெய் உள்ளிருந்து ஊறுவதால் எதுவும் தடுக்கவில்லை. உள்ளே பசை பூசினால் சூட்டில் இளகுகிறது. வார்னிஷ் திரிப் பக்கம் தீப்பிடிக்கும், அதனால் உள்ளே தொடவில்லை. மெழுகு ஊற்றினால் கசிவில்லை, ஆனால் கேட்பவர்களுக்கு எண்ணெய் விளக்குதான் வேண்டும்.

எண்ணெயையும் சூட்டையும் தாங்கி, தீப்பிடிக்காமல் இருக்க அகலின் உட்புறம் எதைப் பூசலாம்?