பேப்ரிகேஷன் ஷாப் புரொடக்ஷனிலிருந்து வெல்டிங் க்யூசிக்கு (தரக் கட்டுப்பாட்டுக்கு): எந்தச் சான்றிதழ் முதலில்?

துவாக்குடி_டிப்ளமோ

வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். திருச்சி துவாக்குடி பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஷாப்பில் 4 வருடமாகப் புரொடக்ஷன் சூப்பர்வைசர். ஹெட்டர், டக்ட், ஸ்ட்ரக்சர் எல்லாம் ஓடும். வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் பக்கம் போக வேண்டும், இரண்டு மூன்று வருடத்தில் வளைகுடாவுக்கும் முயற்சி செய்யலாம் என்று எண்ணம்.

ஒரு இன்ஸ்டிட்யூட்டில் வெல்டை வெட்டாமல் சோதிக்கும் ஆர்டி (கதிர்வீச்சுப் படம்), யூடி (அல்ட்ராசவுண்டு), எம்டி (காந்தம்), பிடி (சாயம்) நாலும் லெவல் 2 (தானே சோதித்து முடிவு சொல்லும் நிலை), பத்தே நாள், சான்றிதழ் கையில் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் நேராக சிஸ்விப் 3.1 (வெல்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ்த் தேர்வு) எழுதிவிடு என்கிறார்கள். நண்பர் ஒருவர் முதலில் பி.டெக் முடி, டிப்ளமோவுக்கு மேலே ஏற முடியாது என்கிறார். எதை முதலில் செய்வது? காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

பிரிட்ஜ்கேம்

காசை இன்னும் எடுக்காதீர்கள். அந்தப் பத்து நாள் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம்.

இந்தச் சோதனைகளைச் செய்பவர்களுக்கான எஸ்என்டி-டிசி-1ஏ வழிகாட்டலில் லெவல் 1, லெவல் 2 இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி நேரம்: ஆர்டி 80 மணி, யூடி 80, எம்டி 20, பிடி 12. மொத்தம் 192 மணி. ஒரு நாளைக்கு 8 மணி உட்கார்ந்தாலும் 24 நாள். பத்து நாளில் முடிகிறது என்றால் மீதி நேரம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அதோடு அனுபவ நேரமும் தனியாகக் காட்ட வேண்டும். வளைகுடாவில் க்ளையன்ட் அந்தப் பதிவைக் கேட்டால் வகுப்பு நடத்தியவர் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: எஸ்என்டி-டிசி-1ஏ சான்றிதழ் ஆளுக்கு அல்ல, வேலை கொடுப்பவருக்குக் கட்டுப்பட்டது. கம்பெனியின் எழுதப்பட்ட நடைமுறைப்படி, அவர்களுடைய லெவல் 3 (மேல்நிலை) நிபுணரின் ஒப்புதலில் கொடுப்பது. கம்பெனி மாறினால் அது முடிந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய இடத்தில் பழைய பயிற்சிப் பதிவுகளைப் பார்த்துவிட்டு மறுபடி சான்றளிப்பார்கள். ஆகவே சான்றிதழை விட, மணிக்கணக்கு எழுதிய லாக், ஜெனரல், ஸ்பெசிஃபிக், பிராக்டிகல் மூன்று தேர்வின் மதிப்பெண், வருடாவருடம் எடுத்த கண் பரிசோதனை இவற்றின் நகல்தான் சொத்து. கம்பெனி மாறினாலும் கூடவே வரும் சான்றிதழ் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 9712 (சர்வதேசத் தரநிலை) வகை, 5 வருடம் செல்லும்.

சிஸ்விப் 3.1 நல்லதுதான், ஆனால் உடனே வேண்டாம். அதற்கு வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் கடமைகளில் குறைந்தது 3 வருட அனுபவம் கேட்பார்கள், கம்பெனி கையெழுத்து போட வேண்டும். புரொடக்ஷன் சூப்பர்வைசர் என்று மட்டும் கடிதம் இருந்தால் அங்கேயே நிற்கும். அதனால் முதல் வேலை, செலவில்லாத வேலை: இருக்கும் ஷாப்பிலேயே க்யூசிக்கு மாறுங்கள். மாற்ற மாட்டேன் என்றால் உங்கள் பகுதியில் ஃபிட்டப் இன்ஸ்பெக்ஷனையாவது (வெல்டு வைக்கும் முன் பாகங்கள் சரியாகப் பொருந்தியதா என்ற சோதனை) கையெழுத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரூட் கேப் (அடி இடைவெளி), பெவல் கோணம் (விளிம்புச் சரிவு), ஹை-லோ (இரு பாகத்தின் உயர வேறுபாடு), டேக் வெல்டின் (தற்காலிகப் பிடிப்பு வெல்டு) நிலை, எந்த ஜாயின்ட்டுக்கு எந்த வெல்டர் என்று தினம் எழுதும் பதிவேடு. அனுபவக் கடிதத்தில் பிறகு வர வேண்டிய சொற்கள் இதிலிருந்துதான் வரும்.

அடுத்தது காகிதங்கள். டபிள்யூபிஎஸ் (வெல்டு வைக்கும் முறை), பிக்யூஆர் (அந்த முறையைச் சோதித்த பதிவு), டபிள்யூபிக்யூ (வெல்டரின் தகுதிப் பதிவு) என்ற மூன்றையும் உங்கள் ஷாப் கோப்பிலேயே எடுத்து, வெல்டிங் தகுதி விதிகள் உள்ள ஏஎஸ்எம்இ செக்ஷன் 9 புத்தகத்தை அருகில் வைத்து ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று பாருங்கள். பி-நம்பர் என்பது உலோகத்தின் வகை: 1 சாதா கார்பன் ஸ்டீல், 5ஏ 2¼ குரோம், 15இ பி91 (9 குரோம் ஸ்டீல்), 8 ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ். வெல்டிங் ராடுகளின் எஃப்-நம்பரில் 6013 எஃப்2, 6010 எஃப்3, 7018 எஃப்4. பிக்யூஆர் தகடு 12 மில்லிமீட்டர் என்றால் இம்பாக்ட் (அடி தாங்கும்) சோதனை தேவையில்லாத வேலையில் அந்த முறை 5 மில்லியிலிருந்து 24 மில்லி வரை செல்லும். வெல்டர் ஒரு பிராசஸில் 6 மாதம் வெல்டு வைக்காவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். உங்கள் ஷாப்பில் இந்தக் கன்டினியூட்டி லாக் (எந்த வெல்டர் கடைசியாக எப்போது வெல்டு வைத்தார் என்ற பதிவு) யார் எழுதுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள், ஆடிட்டுக்கு முதல் நாள் ராத்திரிதான் எழுதப்படும். அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் க்யூசி மேனேஜரே உங்களை இழுத்துக்கொள்வார்.

இது ஓடும்போதே பிடி, எம்டி, விஷுவல் மூன்றும் கம்பெனி மூலம் எடுங்கள். பிறகு யூடி. சிஸ்விப் அதற்கும் பிறகு.

ஃபிலிம்வியூவர்

மேலே சொன்னதில் பெரும்பாலும் சரி. ஒரு இடத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. ஆர்டியை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

ஆர்டியில் இரண்டு தனி வேலை உண்டு. சோர்ஸ் (கதிர்வீச்சுப் பொருள்) தூக்கி எக்ஸ்போஷர் போடுவது (ஃபிலிம் எடுப்பது) ஒன்று. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி, டிஎல்டி பேட்ஜ் (உடலில் படும் கதிர்வீச்சை அளப்பது), ராத்திரி ஷிஃப்ட் எல்லாம் வேண்டும். சோர்ஸாக வரும் இரிடியம்-192-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 74 நாள், அதனால் இரண்டரை மாதத்தில் எக்ஸ்போஷர் நேரம் இரட்டிப்பாகும். கணக்கு மறந்தால் ஃபிலிம் வெளுத்துப் போய் மொத்த லாட்டும் ரீ-ஷூட். இன்னொன்று ஃபிலிம் படிப்பது. வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான். அதற்கு சோர்ஸைத் தொட வேண்டியதே இல்லை.

ஃபிலிம் படிக்கும்போது முதலில் குறையைத் தேடக் கூடாது. ஐக்யூஐ (படத்தின் தரம் காட்டும்) கம்பி தெரிகிறதா, டென்சிட்டி (ஃபிலிமின் கருமை) காமா கதிருக்கு 2.0க்குக் குறையாமல், 4.0க்குள் இருக்கிறதா, ஜாயின்ட் நம்பரும் லொகேஷன் மார்க்கரும் வெல்டு மேப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வெல்டைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் நேராகப் போரோசிட்டியை (வெல்டில் உள்ள வாயுத் துளைகள்) எண்ண ஆரம்பிப்பார்கள். ஃபிலிமே செல்லாது என்று க்ளையன்ட் திருப்பிக் கொடுப்பான்.

தடித்த வெல்டில் இப்போது பல இடங்களில் ஆர்டிக்குப் பதில் பேஸ்டு அரே யூடி, டோஃப்டி என்ற மேம்பட்ட அல்ட்ராசவுண்டு முறைகள் வருகின்றன. அதற்கு முதலில் சாதா யூடி லெவல் 2 வேண்டும். அந்த வகையில் யூடியை முன்னுக்கு வைத்ததை ஒப்புக்கொள்கிறேன்.

துவாக்குடி_டிப்ளமோ

ரொம்ப நன்றி அண்ணா. அப்படியானால் பி.டெக்? வளைகுடாவில் சிஸ்விப் கேட்கிறார்களா, ஏடபிள்யூஎஸ் சிடபிள்யூஐ (அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் இன்ஸ்பெக்டர் சான்றிதழ்) கேட்கிறார்களா? இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

ஜுபைல்_க்யூசி

தம்பி, இரண்டில் எது இருந்தாலும் போதும். வேலை அறிவிப்பிலேயே "சிஸ்விப் 3.1 அல்லது சிடபிள்யூஐ" என்று சேர்த்துத்தான் போடுகிறார்கள். வேறுபாடு தேர்வு முறையில். சிடபிள்யூஐ மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் 72 சதவீதம் வேண்டும், ஒரு பகுதி கோடு (விதி) புத்தகம் திறந்து எழுதுவது. 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிஸ்விப் 5 வருடம். அதில் தியரியில் யாரும் அதிகம் விழுவதில்லை, பிராக்டிகலில் விழுகிறார்கள். தகடு, பைப் இரண்டிலும் குறையை அளந்து, டேட்டம் எட்ஜிலிருந்து (அளவு தொடங்கும் முனை) தூரம் போட்டு ஸ்கெட்ச் வரைய வேண்டும். தப்பான முனையிலிருந்து அளப்பது, ரூட் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதது, ஆர்க் ஸ்ட்ரைக்கையும் கிரைண்டிங் மார்க்கையும் குறையாக எழுத மறப்பது, இவைதான் மதிப்பெண்ணைத் தின்னும். தேர்வுக்கு முன் பழைய ஸ்கிராப் ஜாயின்ட் பத்து எடுத்து வெல்டிங் கேஜ், டார்ச், ஸ்டீல் ரூல் வைத்து நேரம் பார்த்து வரைந்து பழகுங்கள்.

சவூதி எண்ணெய்த் திட்டங்களில் கம்பெனி உங்களை எடுத்தால் மட்டும் போதாது. க்ளையன்ட் சிவியைப் பார்த்து, எழுத்துத் தேர்வோ இன்டர்வியூவோ வைத்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் வேறு வேலையில் உட்கார வைப்பார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். அதனால் சிவியில் செய்யாததை எழுதாதீர்கள். பி91 செய்தேன் என்று எழுதினால் அடுத்த கேள்வி ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடு) எவ்வளவு, ஆர்கான் பர்ஜ் (உள்பக்கம் ஆர்கான் நிரப்புவது) எதுவரை, ஸ்ட்ரெஸ் ரிலீவ் (வெல்டுக்குப் பின் சூடேற்றி இறுக்கம் தளர்த்துவது) முடிந்ததும் ஹார்ட்னஸ் எங்கெங்கே எடுத்தாய் என்றுதான் வரும்.

வழக்கமாக வரும் கேள்விகள் சொல்கிறேன். 7018 ராடு பேக்கிங்: ஏடபிள்யூஎஸ் டி1.1 (ஸ்டீல் கட்டுமான வெல்டிங் கோடு) படி 260 முதல் 430 டிகிரிக்குள் குறைந்தது 2 மணி நேரம், பிறகு ஹோல்டிங் ஓவனில் 120க்குக் குறையாமல், வெளியே எடுத்தால் 4 மணி நேரம், மறுபேக்கிங் ஒரே ஒருமுறை. "ஏன்?" என்பதுதான் உண்மையான கேள்வி. ஈரத்திலிருந்து ஹைட்ரஜன், அதிலிருந்து வெல்டு ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள் வரும் விரிசல். க்விவர் (ராடைச் சூடாக வைக்கும் சிறு டப்பா) பிளக் போடாமல் கிடப்பதைச் சைட்டில் தினமும் பார்க்கலாம். அடுத்து பி31.3 (ஆலைப் பைப்பிங் கோடு) அண்டர்கட் (வெல்டு ஓரப் பள்ளம்): நார்மல் ஃப்ளூயிட் சர்வீஸில் சுற்று வெல்டில் 1 மில்லி அல்லது சுவர்த் தடிமனில் கால் பங்கு, எது குறைவோ அது. நீள வெல்டில் கிடையாது. பிறகு ஸ்ட்ரெஸ் ரிலீவ் சார்ட் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஏஎஸ்எம்இ செக்ஷன் 8-ல் (பிரஷர் வெசல் கோடு) 425 டிகிரிக்கு மேல் சூடேற்றும் வேகம் 5600-ஐ மில்லி தடிமனால் வகுத்தது. 50 மில்லி என்றால் மணிக்கு 112 டிகிரி. எவ்வளவு மெல்லியதானாலும் 222-ஐத் தாண்டக் கூடாது. சார்ட்டில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) கோடு மட்டும் தட்டையாக ஓடினால் அது கழன்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறீர்களா என்று பார்ப்பார்கள்.

டிகிரி விஷயம். டிப்ளமோவோடு இன்ஸ்பெக்டர், சீனியர் இன்ஸ்பெக்டர் வரை தாராளமாகப் போகலாம். க்யூஏ/க்யூசி மேனேஜர் பதவியில் க்ளையன்ட் டிகிரி கேட்கும்போது இடிக்கும். சவூதியில் இன்ஜினீயர்ஸ் கவுன்சில் பதிவில் டிப்ளமோக்காரர் டெக்னீஷியன் வகையில்தான் வருவார். ஏஜென்ட் "இன்ஜினீயர்" விசாவில் அனுப்புகிறேன் என்றால் பதிவு நிற்கும், இகாமா (வசிப்பு அனுமதி) புதுப்பிப்பும் மாட்டும். விசாத் தொழிலும் சான்றிதழும் ஒத்துப்போக வேண்டும். ஏஜென்ட் இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். சட்டப்படி சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிட்ஜ்கேம்

பி.டெக் பற்றி ஒரு எச்சரிக்கை. தபால் வழி இன்ஜினீயரிங் டிகிரியில் பணம் போடாதீர்கள். ஏஐசிடிஇ ஒப்புதல் இல்லாத தொலைநிலைத் தொழில்நுட்பப் படிப்புகளை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் நிராகரித்தது. ஏஎம்ஐஇ-யும் (இன்ஜினீயர்கள் சங்கத் தேர்வு) 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் டிகிரிக்குச் சமம். செல்லக்கூடிய வழி, வேலையை விட்டு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு, அல்லது பகுதி நேர பி.இ. நடத்தும் கல்லூரி. டிகிரி இல்லாமலேயே வெல்டிங் பக்கம் உயர வேண்டுமென்றால் சர்வதேச வெல்டிங் டெக்னாலஜிஸ்ட் என்ற தகுதி டிப்ளமோவுக்கு உண்டு. இன்ஜினீயர் வகைக்குத்தான் டிகிரி வேண்டும். திருச்சியிலேயே பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்கள் நடத்தும் பயிற்சிகளைப் போய்க் கேட்டுப் பாருங்கள். பஸ் டிக்கெட் செலவுதான்.

ஏபிஐ 510, 570 சான்றிதழ்கள் பக்கம் இப்போது போக வேண்டாம். அவை ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் வெசல், பைப்பிங் பற்றியவை. அரிப்பு வேகம், மீதி ஆயுள் கணக்கு எல்லாம் வரும். ஷாப்பில் மட்டும் இருந்தவருக்கு அந்த அனுபவத்தை நிரூபிப்பதே கஷ்டம். ஒரு ரிஃபைனரி ஷட்டவுன் வேலை பார்த்த பிறகு யோசியுங்கள்.

துவாக்குடி_டிப்ளமோ

புரிந்தது. திங்கட்கிழமை க்யூசி மேனேஜரிடம் கன்டினியூட்டி லாக்கை நான் எழுதுகிறேன் என்று கேட்கப் போகிறேன். எங்கள் ஷாப்பில் 40 வெல்டர்கள். எக்ஸெல் போதுமா, அல்லது பதிவேடா?

ஃபிலிம்வியூவர்

இரண்டும். எக்ஸெலில் வெல்டர் நம்பர், பிராசஸ், கடைசியாக வெல்டு வைத்த தேதி, அதிலிருந்து 6 மாதம் முடியும் தேதி, முடிய 30 நாள் இருந்தால் சிவப்பு. பிரிண்ட் எடுத்து மாதம் ஒருமுறை கையெழுத்து. பிராசஸைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். அடி வெல்டு டிக், மேலே நிரப்புவது ஆர்க் என்று செய்யும் வெல்டருக்கு இரண்டு வரி. ஆர்க் மட்டும் ஓடி, டிக் 6 மாதம் கிடந்தால் டிக் தகுதி போயிருக்கும். பெரும்பாலான ஷாப்பில் ஆடிட்டர் பிடிப்பது அந்த வரியைத்தான்.